நடு இல்லாத வலை

ஒருவர் சொல் மற்றொருவரைச் சென்றடைய வேண்டுமாயின், நடுவில் ஒரு தலைமை நிலையம் இருந்தே தீரவேண்டும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். தபாலும் தந்தியும் டெலிபோனும் கற்பித்த பாடம் அது. அப்பாடத்தை மறுத்து எழுந்த ஒரு கருத்தின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1964-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன் என்னும் பொறியியலறிஞர் தம் ஆராய்ச்சி முடிவுகளைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். அணுகுண்டுப் போர் மூண்டு தலைமை நிலையம் அழிந்தால், நாடு முழுவதும் வாயடைத்துப் போகுமே என்பது அவர் கவலை. எல்லாக் கம்பிகளும் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஓரிடத்தில் கூடுதல் கூடாது. மீன்வலையின் முடிச்சுகள்போல் ஒவ்வொரு நிலையமும் அண்டை நிலையங்களோடு இணைந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின்மேலும் முகவரி பொறித்து அனுப்பினால், ஒரு வழி அடைபட்டாலும் மறுவழியாகச் சென்று சேரும். நிலையம் ஒன்றுக்கு மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை பெரிதும் உறுதிப்படும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்.

இது முதற்கல். இரண்டாவது கல் பொறுமை. 1984-இல் சான்பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் ஃபிடோநெட் என்னும் வலையைத் தொடங்கினார். தனி மனிதர்களின் வீட்டுக் கணிப்பொறிகளே அதன் நிலையங்கள். பகலெல்லாம் கடிதங்களைச் சேர்த்து வைத்து, டெலிபோன் கட்டணம் குறைந்த நள்ளிரவில் ஒன்றையொன்று அழைத்துக் கைமாற்றிக்கொண்டன. ஒரு பெருநிறுவனத்தின் துணையுமின்றி, அவ்வலை 1990-களின் நடுவில் 30,000 நிலையங்களைத் தாண்டி வளர்ந்தது.

மூன்றாவது கல், வியப்பாகத் தோன்றினும், ஊர்வம்பு. 1987-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆலன் டெமர்ஸும் அவர் துணைவரும் தொற்றுநோய் பரவும் கணிதத்தைக் கணிப்பொறிகளுக்குப் பொருத்தினர். ஒவ்வொரு கணிப்பொறியும் அவ்வப்போது ஏதேனும் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தான் அறிந்ததைப் பரிமாறிக்கொண்டால், விரைவில் எல்லாவற்றிற்கும் செய்தி எட்டிவிடும்.

ஆனால், வம்பை நம்புவது எவ்வாறு? 1976-இல் டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவர் வெளியிட்ட பொதுத் திறவுகோல் முறை விடை தந்தது. எழுதியவர் இட்ட முத்திரையை எவரும் சோதிக்கலாம். பிறர் இடுதல் அரிது. இனி, பொதுக் கடிகாரம் இல்லாதவிடத்து எது முன், எது பின் என்று அறிவது எவ்வாறு? மறுமொழி கடிதத்திற்கு முந்தியதாகாது. இத்தகைய காரண காரியத் தொடர்பைக் கொண்டே வரிசையைத் தீர்க்கலாம் என்று 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் விளக்கினார்.

இக்கற்களைக் கொண்டு வீடு கட்டுவது ஏன்? 2009-இல் ஜியோசிட்டீஸ் என்னும் அமெரிக்கத் தளத்தை அதன் உரிமையாளரான யாஹூ மூடியது. பல இலட்சம் பேர் எழுதிய பக்கங்கள் அங்கிருந்து நீங்கின. ஆர்வலர்கள் படியெடுத்தவை மட்டுமே எஞ்சின. எழுதியது ஒருவர்; சாவி இருந்ததோ மற்றொருவரிடம்! வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது புதிதன்று. ஒரே நூலகத்தில் இருந்த நூல் ஒரு தீயில் அழியும். பல இல்லங்களில் படியாக இருந்த நூலோ பிழைக்கும். 2019-இல் மார்ட்டின் கிளெப்மனும் மூவரும் ஒரு கட்டுரையில் இதனையே வலியுறுத்தினர்: மூலப்படி எழுதியவர் கையிலுள்ள கணிப்பொறியிலேயே இருத்தல் வேண்டும், தொலைவில் உள்ளது துணைப்படியே.

இம்முறையிலும் இடர் உண்டு. திறவுகோலைத் தொலைத்தவர் முறையிட ஓர் அலுவலகம் இல்லை. பல கைகளுக்குச் சென்ற சொல்லைத் திரும்பப் பெறுதலும் இயலாது. ஆகவே, தன் உடைமையைத் தானே காக்க விரும்புவோர் அதற்குரிய விழிப்பையும் சொல்லில் நிதானத்தையும் மேற்கொள்ளல் வேண்டும். பிறர் காவலில் வாழ்வது எளிது. தம் வீட்டிற்குத் தாமே காவலிருப்பது கடினம். எனினும், வீடு தமதென்று சொல்லும் உரிமை பின்னவர்க்கே உண்டு.