சுருதிப்பெட்டியும் மூக் கருவியும்: இந்திய மின்னொலி இசையின் தொடக்கம் குறித்து

தமிழில் மின்னணு இசை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் திரைப்படத்திலிருந்தே தொடங்குகின்றனர். 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’, 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ ஆகிய இரண்டும் எல்லைக்கற்களாக நிறுத்தப்படுகின்றன. திரையிசையைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதே. ஆயின் பாடலின்றி, தாளக்கட்டு முன்னிற்காமல், ஒலியின் நிறத்தையே பொருளாகக் கொண்டு இயற்றப்படும் சூழலிசைக்கு இக்காலவரிசை பொருந்தாது. அதன் தொடக்கத்தைத் தேடுவோர் கோடம்பாக்கத்தை விட்டு அகமதாபாத்துக்குச் செல்ல வேண்டும்.

அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரையும் ஒலிநாடாப் பொறிகளையும் கொண்டு ஒலிக்கூடம் ஒன்றை அமைத்துத் தந்தார். 1972 வரையிலான காலத்தில் கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு இசை இயற்றினர். இவர்களுள் கீதா சாராபாய் பக்கவாஜ் பயின்றவர். 1946இல் நியூயார்க் சென்று ஜான் கேஜிடம் மேற்கத்திய இசைமுறையைக் கற்று, கைம்மாறாக அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தவர். இசையின் பயன் மனத்தை அமைதிப்படுத்துவதே எனத் தம் ஆசிரியரிடம் அவர் கேட்டிருந்ததைக் கேஜ் பின்னர்ப் பலமுறை எடுத்துரைத்தார். டியூடரோ கேஜின் நெருங்கிய கூட்டாளி. ஆகவே 1969இல் அங்கிருந்து வந்த கருவிக்குப் பின்னால், 1946இல் இங்கிருந்து சென்ற கருத்தும் இருந்தது. இதனை ‘இறக்குமதி’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எளிது, சரியன்று.

மூக் கருவியில் சுரத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒலி ஒரு தாயி மேலேறும். இடையில் எப்புள்ளியிலும் நிறுத்தலாம், வழுக்கிச் செல்லவும் விடலாம். ஆர்மோனியத்தின் கட்டைகள் கமகத்துக்கு இடந்தருவதில்லை என்பது நெடுநாளைய குறை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கிவைத்த காரணங்களுள் இதுவும் ஒன்று. எனினும் செஞ்சி வட்டாரத் தெருக்கூத்தில் அதே ஆர்மோனியம் விடியும்வரை சுருதியைத் தாங்கி நிற்கிறது. கமகத்தைக் கூத்தர் தம் குரலில் வைத்துக்கொள்கிறார். பெட்டியின் வேலை நிலைத்திருப்பது. மூக் கருவியிலோ ஓர் அலையியற்றியைச் சுருதியாக நிறுத்தி, மற்றொன்றை அதன்மேல் நகரவிடலாம். தம்புராவைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இது அந்நியமாக இருந்திருக்க முடியாது.

சூழலிசை எனப் பொருள்படும் பெயரைப் பிரையன் ஈனோ தம் இசைத்தட்டுக்குச் சூட்டியது 1978இல். அகமதாபாத் ஆக்கங்கள் அதற்கு முந்தியவை. அதற்காக அவற்றை ‘முதல் சூழலிசை’ என்று உரிமை கொண்டாடுவதில் பொருளில்லை. இயற்றியோர் அப்பெயரை எண்ணி இயற்றவில்லை. அவற்றுள் பல, கருவி எதுவரை செல்லும் என்று பார்த்த சோதனைகளே.

இந்த ஒலிநாடாக்கள் நாற்பதாண்டுகளுக்கு மேல் நிறுவனத்தின் காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. பிரித்தானியக் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்ததன் பயனாக 2023இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை ஈரப்பதத்தால் இளகும். பின்னர் ஓடவிட்டால் துகளோடு ஒலியும் உதிரும். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் பழைய நாடாக்களும் இத்தகையவையே. அவை கடற்காற்றிலும் இருந்தவை. நம் திரையிசை வரலாறு பாடல்களைச் சேமிக்கிறது. பின்னணியிசை நாடாக்களும் பாடலாகாத ஒலிச்சோதனைகளும் பட்டியலில்கூட இடம்பெறுவது அரிது. ‘புன்னகை மன்னன்’ தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் வரலாற்றை எழுதுவதற்கான முதன்மைச் சான்றுகள் அந்த நாடாக்களே.