133 விழுக்காடு: அமெரிக்கப் பயங்கரவாதக் காப்பீட்டுச் சட்டத்தில் காலக்கெடு நுழைந்த விதம்

பேரிடர்க் காப்பீட்டைப் பற்றி எழுதுபவர் எவரும் ட்வைட் ஜாஃபி, தாமஸ் ரஸ்ஸல் இருவரும் 1997-இல் வெளியிட்ட கட்டுரையைத் தொடாமல் நகர முடியாது. இழப்பின் அளவு மட்டுமே சிக்கல் அல்ல என்றார்கள் அவர்கள். ஆண்டுதோறும் சிறுகச் சிறுக வரும் பிரீமியத்தைக் கொண்டு, என்றோ ஒருநாள் மொத்தமாக வந்து விழும் இழப்பைத் தாங்க வேண்டும். அதற்கான பெருந்தொகையைக் கையிருப்பில் வைத்திருக்கக் கணக்கியல் விதிகளும் வரி விதிகளும் இடம் தருவதில்லை. ஆக, குறை காலப் பொருத்தத்தில் இருக்கிறது. இந்த வாசிப்பைப் பயங்கரவாதக் காப்பீட்டுக்குப் பொருத்தினால், அரசின் வேலை கைமாற்று கொடுப்பதுதான்: இன்று கொடுத்துவிட்டு, நிதானமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது.

2002 நவம்பர் 26-இல் ஒப்பமிடப்பட்ட பயங்கரவாத இடர் காப்பீட்டுச் சட்டத்தின் மூலப்பாடம் இதற்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. அரசு முன்கூட்டி எந்தக் கட்டணமும் கேட்கவில்லை. நிறுவனத்தின் சொந்தப் பங்குக்கு மேற்பட்ட இழப்பில் 90 விழுக்காட்டை அது ஏற்றது. பிறகு, வணிகப் பாலிசிகள்மீது கூடுதல் கட்டணம் விதித்துக் குறிப்பிட்ட வரம்புவரை கட்டாயமாகவும், அதற்கு மேல் விரும்பினால் மட்டும் திரும்ப வசூலிக்கும். அந்தக் கட்டணம் ஆண்டுக்குப் பிரீமியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வசூலை முடிக்க நாள் குறிக்கப்படவில்லை. பிரிட்டனில் 1993-இல் உருவான பூல் ரீ இதற்கு நேர்மாறு: அங்கே நிறுவனங்கள் முன்கூட்டியே பணம் கட்டி நிதி சேர்த்தன.

எனக்கு உடன்பாடில்லாத இடம் 2007 திருத்தம். 103-ஆம் பிரிவின் (e)(7) உட்பிரிவில் புதிதாக மூன்று வரிகள் நுழைகின்றன. தாக்குதல் 2010 முடிவதற்குள் நடந்தால் முழுத் தொகையும் 2012 செப்டம்பர் 30-க்குள் வசூலாக வேண்டும். 2011-இல் நடந்தால் 35 விழுக்காடு அதே நாளுக்குள், மிச்சம் 2017 செப்டம்பர் 30-க்குள். 2012 முதல் நடப்பவற்றுக்கு முழுத் தொகையும் 2017 செப்டம்பர் 30-க்குள். கட்டாயமாகத் திரும்பப் பெற வேண்டிய தொகைக்கு 133 விழுக்காடு வசூலிக்க வேண்டும். 3 விழுக்காட்டு வரம்பு விருப்ப வசூலுக்கு மட்டுமே மிஞ்சியது.

செப்டம்பர் 30 அமெரிக்க நிதியாண்டின் கடைசி நாள். 2012 என்பது 2008-இல் தொடங்கும் ஐந்தாண்டுக் கணக்கின் முடிவு. 2017 பத்தாண்டுக் கணக்கின் முடிவு. 2015 திருத்தத்தில் இந்த இரண்டு நாள்களும் 2019, 2024 ஆகின்றன. 2019 திருத்தத்தில் 2024, 2029. மூன்று பாடங்களிலும் அதே இடைவெளி. மூன்றும் அந்தந்தத் திருத்தத்தின் ஐந்தாண்டு, பத்தாண்டு வரவுசெலவு மதிப்பீட்டோடு ஒட்டி நிற்கின்றன. இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. புதுச் செலவுக்கு ஈடாக வரவு காட்ட வேண்டும் என்ற விதியை நாடாளுமன்றம் மீண்டும் கைக்கொண்ட ஆண்டு 2007. காலக்கெடுவைப் பிறப்பித்தது காப்பீட்டுச் சந்தையின் தேவை அல்ல, வரவுசெலவுக் கணக்கின் தேவை.

133-க்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது என்பது என் துணிபு. மறைமுக வரி போன்ற வசூல் ஏறினால் வருமான வரி வரவு குறையும் என்று கருதி, அரசின் மதிப்பீட்டாளர்கள் அத்தகைய வரவில் 25 விழுக்காட்டைக் கழித்துவிடுவது அன்றைய வழக்கம். 133-இல் கால்பங்கு கழித்தால் ஏறக்குறைய 100. சட்டம் இப்படிச் சொல்லவில்லை. இது எண்ணை வைத்து நான் செய்யும் ஊகம். 2015 திருத்தம் அதை 140 ஆக்கியபோது இந்தக் கணக்கு பொருந்தாமல் போகிறது. அந்த 140-க்கு என்னிடம் விடையில்லை. ஆனாலும் 133-ஐத் தண்டனை வட்டி என்று படிப்பதைவிட இந்த ஊகம் வலுவானது. வட்டியாக இருந்தால் அது காலத்தோடு கூட வேண்டும். இதுவோ ஓராண்டில் கட்டினாலும் ஐந்தாண்டில் கட்டினாலும் மாறுவதில்லை.

விளைவு கடுமையானது. ஜாஃபியும் ரஸ்ஸலும் கேட்டது இழப்பைக் காலத்தில் பரப்புவதை. 2007-க்குப் பிந்தைய பாடம் அதைச் சுருக்குகிறது. இன்றைய பாடத்தின்படி 2027 டிசம்பரில் தாக்குதல் நடந்தால், ஏறத்தாழ 21 மாதங்களில் வசூல் முடிய வேண்டும். அதைக் கட்டப்போவது தாக்கப்பட்ட நகரத்தார் மட்டுமல்லர். பயங்கரவாதக் காப்பீடே வேண்டாம் என்று விட்டுவிட்ட ஓஹையோ கடைக்காரரும், தம் வணிகப் பாலிசியின் மீது அதே கட்டணத்தைச் செலுத்துவார். வரி செலுத்துவோரைக் காக்கும் ஏற்பாடு என்று சொல்லப்படுவது, சுமையை அவருடைய வரிப் படிவத்திலிருந்து எடுத்து அவருடைய பாலிசியின் மேல் வைப்பதாகவே எனக்குப் படுகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு: எந்தத் தாக்குதலும் இச்சட்டத்தின் கீழ் வருவதாக அரசால் சான்றளிக்கப்படவில்லை, 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புகூட, எனவே இந்தப் பிரிவு ஏட்டளவில்தான் இருக்கிறது. உண்மைதான். ஆனால் நிறுவனங்களும் பாலிசிதாரர்களும் இன்று செலவைக் கணக்கிட அவர்களுக்குக் கிடைத்திருப்பதும் அந்த ஏடு மட்டுமே. அடுத்த நீட்டிப்பை எழுதுபவர்கள் அந்த இரண்டு செப்டம்பர் நாள்களை மறுபடியும் முன்னே தள்ளி வைப்பார்களா, 2002-இன் நாள் குறிக்காத வசூலுக்குத் திரும்புவார்களா என்பதையே நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.