நெகடிவில் உறங்கும் சரித்திரம்

எல்லை மாறிய ஊர்களின் சரித்திரத்தை அரசாங்க ஏடுகள் ஓரளவே கூறும். சித்தூரை எடுத்துக்கொள்வோம். கொச்சி சமஸ்தானத்திலிருந்த அவ்வூர், 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956இல் கேரளத்திலும் சேர்ந்தது. அக்காலத்து அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் திருமணங்களும் திருவிழாக்களும் எந்த ஏட்டில் உள்ளன? வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் நெகடிவ்களிலன்றோ!

அவற்றிற்கும் ஆயுள் உண்டு. அசிட்டேட் பிலிம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, காடி நாற்றம் வீசிச் சுருங்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் பொருளுதவியுடன், 2010களில் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டல் முறையில் படியெடுத்தனர்.

அத்தகைய பணியை நாம் வீட்டிலேயே செய்யலாம். தூசி நீக்கிய நெகடிவை வெள்ளொளிப் பலகைமீது வைத்து, மாக்ரோ லென்ஸ் பூட்டிய காமிராவை நேர் மேலே அசையாது நிறுத்தல் வேண்டும். 24க்கு 36 மில்லிமீட்டர் அளவேயுள்ள சிறு கட்டமும் அப்போது தெளிவாகப் பதியும். பின்னர்க் கணினியில் கறுப்பை வெளுப்பாகவும் வெளுப்பைக் கறுப்பாகவும் மாற்றினால் முகங்கள் தோன்றும்.

ஆயினும் பெயரறியாத முகம் ஊமையே. முதியோரிடம் கேட்டுப் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைப்போமாக. மூல நெகடிவையும் எறியாது, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் பாதுகாப்போமாக. வெளிமாநிலங்களில் வளரும் நம் மக்களுக்கு அதுவே ஊர்ச் சரித்திரம்.