மகளிர் கிரிக்கெட் கிண்ணமும் மலேசியத் திடல்களும்

மகளிர் கிரிக்கெட்டின் முதல் உலகக் கிண்ணப் போட்டி 1973இல் இங்கிலாந்தில் நடந்தது. ஆடவர் போட்டி தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். இங்கிலாந்து அணித்தலைவி ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் முன்னின்று ஏற்பாடு செய்ய, செல்வந்தர் ஜாக் ஹேவார்ட் செலவை ஏற்றார். பர்மிங்காமில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 92 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வீழ்த்தி இங்கிலாந்து கிண்ணத்தை வென்றது. 2022 வரையிலான 12 போட்டிகளில் ஆஸ்திரேலியா 7 முறையும் இங்கிலாந்து 4 முறையும் நியூசிலாந்து ஒரு முறையும் வென்றன. இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் மட்டும் 2016இல் வெஸ்ட் இண்டீஸ் இந்த மூவரையும் முந்தியது.

மலேசியாவில் இந்த ஆட்டம் வேரூன்ற வெகுகாலம் பிடித்தது. பேராவில் கிரிக்கெட் என்றால் ஈப்போ பாடாங்கில் வெள்ளைக்காரர்களும் கிளப்காரர்களும் ஆடியது. ரப்பர் தோட்டத்துத் திடல்களில் பந்தை உதைத்தவர்கள் ஆண்பிள்ளைகள். விடியலில் பால்மரம் வெட்டப் போன தமிழ்ப் பெண்களுக்கு மாலையில் வீட்டுவேலை காத்திருந்தது. பின்னாளில் வினிஃபிரட் துரைசிங்கம் என்ற தமிழ்ப்பெயர் தேசிய மகளிர் அணியின் தலைவி இடத்தில் வந்தது சிறிய மாற்றமல்ல.

2018 ஜூனில் ஆசியக் கிண்ணம் கோலாலம்பூரை அடுத்த கின்ராரா திடலுக்கு வந்தது. இந்தியாவுக்கு எதிராக மலேசியா 27 ஓட்டங்களில் சுருண்டது. மித்தாலி ராஜ் தனி ஒருவராக 97 எடுத்திருந்தார். ஆனால் அந்தத் தொடரின் பெருமை வங்காளதேசத்துக்கே உரியது. 2004 முதல் ஆறு முறையும் இந்தியாவிடமே இருந்த கிண்ணத்தை, இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஜஹனாரா ஆலம் எடுத்த இரண்டு ஓட்டங்கள் பறித்துக் கொடுத்தன. 2024இல் இலங்கையும், சமரி அத்தபத்து தலைமையில், தம்புள்ளையில் நடந்த ஆசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இந்தியாவை வென்றது.

19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் 2025 தொடக்கத்தில் மலேசியாவில் நடந்தது. மதுரைப் பெண் ஜி. கமலினி அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 எடுத்தார். பிப்ரவரி 2 அன்று கிள்ளான் பண்டமாரானில் தென்னாப்பிரிக்காவை 82 ஓட்டங்களில் மடக்கி, 9 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. அதே தென்னாப்பிரிக்காவை அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் 52 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வீழ்த்தி, மூத்தோர் உலகக் கிண்ணத்தையும் இந்தியா முதன்முறையாகக் கைப்பற்றியது.