குமாரசுவாமி ராஜா காலத்துச் சென்னை வரவு செலவுத் திட்டம் (1949–1952)

ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை அரசுக்குத் தலைமை வகித்தார். 1950 ஜனவரி 26 வரை இப்பதவிக்குப் 'பிரதமர்' என்று பெயர். பழைய ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் இதைக் கண்டு குழம்ப வேண்டாம். தம் வீட்டைக் காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர் என்றே இவரைப் பலரும் அறிவர். இவர் ஆண்ட மூன்றாண்டுகளின் நிதி நெருக்கடி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நெருக்கடிக்கு முதற்காரணம் மதுவிலக்கு. கள், சாராயம் மீதான ஆயத்தீர்வை மாகாணத்தின் பெரிய வருவாய்களில் ஒன்றாக இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 1 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பொறுப்பேற்ற ராஜாவுக்குக் கிடைத்தது அந்த வருவாய் இல்லாத கருவூலம். குடிப்பவர் கொடுத்துவந்த பணத்தைக் கடையில் பொருள் வாங்கும் எல்லோரும் விற்பனை வரியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. குடியால் சீரழிந்த குடும்பங்களை நினைத்தால் இது தவறில்லை என்பேன். ஆனால் சுமை இடம் மாறியது உண்மை. போதாக்குறைக்கு மழை பொய்த்து உணவுப் பஞ்சமும் வந்தது.

துறைகள் தரும் மதிப்பீடுகளை நிதித்துறை வெட்டிச் சுருக்கும். பின் அமைச்சரவை பார்க்கும். அதன்பின் சட்டமன்றத்துக்குப் போகும். அரசியலமைப்பின் 112ஆம் பிரிவு மத்திய அரசுக்கும், 202ஆம் பிரிவு மாநிலத்துக்கும் இதை ஆண்டுதோறும் விதிக்கின்றன. நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. சென்னையில் அப்போது நிதித்துறை பெஜவாடா கோபால ரெட்டியிடம் இருந்தது.

இங்கே தீப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் ஏழைப் பெண்களும் சிறுவர்களும் குச்சி அடுக்கிப் பிழைத்தார்கள். தீப்பெட்டிக்கு 1934 முதல் விதிக்கப்பட்ட தீர்வை முழுவதும் மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்ந்தது. மாகாணத்துக்கு அதில் பங்கு இல்லை. 1951இல் கே. சி. நியோகி தலைமையில் அமைந்த முதல் நிதிக்குழுதான் இதை மாற்றியது. புகையிலை, தீப்பெட்டி, தாவர நெய் ஆகியவற்றின் தீர்வையில் 40 விழுக்காட்டை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப் பரிந்துரைத்தது. வருமான வரியில் மாநிலங்களின் பங்கும் 50இலிருந்து 55 விழுக்காடானது. தீர்வையைப் பிரிக்க மக்கள்தொகையே அளவுகோல். எந்த ஊரில் உற்பத்தி என்று பார்க்கவில்லை.

குழு அறிக்கை தந்தது 1952ஆம் ஆண்டின் இறுதியில். அதற்குள் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. ராஜா பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். கோபால ரெட்டியும் தோற்றார். ராஜாஜி முதலமைச்சராகி, அவ்வாண்டு ஜூன் மாதமே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ராஜா 1954இல் ஒரிசாவின் ஆளுநராகச் சென்றார். தீப்பெட்டித் தீர்வையின் பங்கு சென்னையின் கணக்கில் வரவானது அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில்தான்.