லெவுக்கா

லெவுக்கா தெற்குப் பசிபிக் பெருங்கடலில், பிஜி நாட்டின் ஒவலாவு தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள ஒரு சிறு துறைமுக நகரம் ஆகும். இது பிரித்தானிய ஆட்சிக்காலப் பிஜியின் முதல் தலைநகரமாக விளங்கியது. 2013 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பிஜியில் இத்தகுதியைப் பெற்ற முதல் இடம் இதுவே.

வரலாறு

கரைக்கு அப்பால் உள்ள பவளத்திட்டு பேரலைகளைத் தடுப்பதால் இங்கு கப்பல்கள் பாதுகாப்பாக நங்கூரமிட முடிந்தது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க வணிகர்கள் குடியேறினர். கடலட்டையும் கொப்பரையும் முக்கிய வணிகப் பொருட்கள். (மன்னார் வளைகுடாவிலிருந்தும் கடலட்டை நெடுங்காலம் சீனாவுக்கு ஏற்றுமதியானது.)

1871 இல் ஒவலாவுவின் உட்பகுதியைச் சேர்ந்த லொவோனி மக்களைத் தலைவர் தக்கொம்பாவு சிறைப்பிடித்துத் தோட்ட முதலாளிகளுக்கு விற்றார். அவரே 1874 அக்டோபர் 10 அன்று, நகரை அடுத்த நசோவாவில், பிற தலைவர்களுடன் சேர்ந்து பிஜியைப் பிரித்தானியாவிடம் ஒப்படைத்தார்.

நகருக்குப் பின்புறம் மலை செங்குத்தாக எழுவதால் விரிவாக்கத்துக்கு இடமில்லை. எனவே 1882 இல் தலைநகரம் சுவாவுக்கு மாற்றப்பட்டது. அதன் பின் புதிய கட்டுமானங்கள் குறைந்ததே பழைய மரக்கட்டடங்கள் பல எஞ்சியிருப்பதற்குக் காரணம்.

இந்தியர் வருகை

பிஜிக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த முதல் கப்பலான லியோனிடாஸ், கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1879 மே 14 அன்று லெவுக்காவை அடைந்தது. கப்பலில் வாந்திபேதியும் பெரியம்மையும் பரவியிருந்ததால், பயணிகள் நகருக்குள் விடப்படாமல் அருகிலுள்ள யனுதா லைலை என்ற சிறு தீவில் தனிமைப்படுத்தப்பட்டனர். அங்கும் சிலர் இறந்தனர். தமிழர்களின் முன்னோர் இக்கப்பலில் வந்ததாகக் கருதுவது சரியன்று; சென்னையிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கியது 1903 இலேயே. அவர்கள் சுவாவை அடுத்த நுக்குலாவு தீவில் இறக்கப்பட்டனர்.

பயணிகளுக்கு

சுவாவிலிருந்து நத்தோவி படகுத்துறைவரை பேருந்திலும், பின்னர் படகிலும் ஒவலாவுவை அடையலாம். நேரங்கள் மாறக்கூடியவை, முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயற்காலம். 2016 பெப்ரவரியில் வின்ஸ்டன் புயலால் நகரின் பாரம்பரியக் கட்டடங்கள் பல சேதமடைந்தன.

நகரை நடந்தே சுற்றிவிடலாம். கடற்கரைத் தெருவின் பழைய கடைகள், 1858 இல் தொடங்கப்பட்ட திரு இருதய ஆலயம், மிஷன் குன்றுக்கு ஏறும் 199 படிகள் ஆகியவை காணத்தக்கவை. தெற்கு முனையில் உள்ள சூரை மீன் ஆலை 1960களிலிருந்து நகரின் முதன்மை வேலைவாய்ப்பாக இருந்துவருகிறது. அதன் வாடை காற்றடிக்கும் திசையைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். லொவோனி போன்ற சிற்றூர்களுக்குச் செல்வோர் ஊர்த்தலைவருக்கு யங்கோனா வேரைக் காணிக்கையாக அளிப்பதும், ஊருக்குள் தொப்பியைக் கழற்றிவிடுவதும் வழக்கம்.