பழுது பார்த்தல்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றைக்குப் படுத்துக்கொள்ளும் என்பதை நான் ஜோசியம் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ‘சாயங்காலத்துக்குள் கதை வந்து சேரும்’ என்று பத்திரிகை ஆசிரியருக்கு நான் டெலிபோனில் வாக்குக் கொடுக்கிறேனே, அன்றைக்கு. சென்ற மாதமும் அப்படித்தான் ஆயிற்று. பித்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. காபி ஆறிப்போய், அதைச் சுடவைத்துக் குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்தாயிற்று. வட்டம் நிற்கவில்லை.

இத்தகைய சமயங்களில் குடும்பத்தில் ஆளுக்கொரு சித்தாந்தம் உண்டு. “ராத்திரி நீங்க சரியா அணைக்காம தூங்கப் போனீங்க, அதான்” என்பது என் மனைவியின் சித்தாந்தம். என் பையன் எட்டாவது படிக்கிறான். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “இதை எதுக்குப்பா நோண்டிக்கிட்டு? எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம். அரை மணி வேலை” என்றான்.

அந்த ‘அழிச்சிட்டு’ என்ற சொல் காதில் விழுந்ததும் என் வயிற்றை ஏதோ செய்தது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில், ‘எனியாக்’ என்ற கணக்கு யந்திரத்தை உலகத்தாருக்குக் காட்டினார்கள். ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்ற அதன் எடை சுமார் 30 டன். உள்ளே ஏறக்குறைய 18,000 வால்வுகள். வால்வு ரேடியோ வைத்திருந்த குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். நாலைந்து வால்வு உள்ள ரேடியோவே கச்சேரி நேரம் பார்த்துத் தொண்டையைக் கட்டிக்கொள்ளும். 18,000 என்றால் கேட்க வேண்டுமா? சூடேறும்போதும் ஆறும்போதும்தான் வால்வுகள் அதிகமாக உயிரை விடுகின்றன என்று கண்டுகொண்டு, யந்திரத்தை அணைக்காமலே வைத்திருக்க ஆரம்பித்தார்கள். பிறகு, இரண்டு நாளைக்கு ஒரு வால்வு என்ற அளவுக்குச் சாவு குறைந்தது. 1954-ல் 116 மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியதுதான் அதன் மிக நீண்ட ஓட்டம். என் மனைவியின் சித்தாந்தத்துக்கு இது சற்றுப் பாதகமான சாட்சியம். ஆகையால் வீட்டில் இதை நான் பிரஸ்தாபிப்பதில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்த 18,000-ல் கெட்டது எது என்று யாரோ தேடினார்கள் அல்லவா? கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள் அந்த யந்திரத்துக்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தார்கள். பாடப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. வரைபடங்களை வைத்துக்கொண்டு யந்திரத்தின் நாடி நரம்பை எல்லாம் தாங்களே கற்றுக்கொண்டார்கள். விடை தப்பாக வந்தால், தப்பு எந்த மூலையிலிருந்து வருகிறது என்று வால்வு வரைக்கும் துரத்திக்கொண்டு போக அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷத்துக் கதை இன்னும் பிரசித்தம். 1947 செப்டம்பர் 9-ந் தேதி, ஹார்வர்டில் அமைத்த ‘மார்க் 2’ என்ற யந்திரம் தகராறு செய்தது. தேடிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்து, தினக்குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, நிஜமான பூச்சி ஒன்று அகப்பட்டது இதுவே முதல் தடவை என்று வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். யந்திரக் கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்லும் வழக்கம் அதற்கு வெகு காலம் முன்பே உண்டு. எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார். வேடிக்கையின் ருசியே அதில்தான். அந்தப் பக்கம், பூச்சியோடு, இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது.

நம் தேசத்துக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. 1975-ல் மத்திய சர்க்கார் ‘கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்’ என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தது. பெயரைப் பாருங்கள்: பராமரிப்பதற்காகவே ஒரு ஸ்தாபனம்! 1978-ல் ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவை விட்டுக் கிளம்பியபோது, அது இங்கே விட்டுப்போன யந்திரங்களை எல்லாம் ஓட வைக்கும் பொறுப்பு இதன் தலையில் விழுந்தது. பிறர் செய்த யந்திரத்தைத் திறந்து பார்த்துப் பார்த்துத் தேறியவர்கள்தான், 1980-களில் டில்லி ரயில்வே டிக்கெட் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்.

ஆக, அந்த நாளில் யந்திரம் ஒன்று இருந்தால் பக்கத்தில் அதை அறிந்த மனிதர் ஒருவர் இருந்தார். 1981 ஆகஸ்டு 12-ந் தேதி ஐ.பி.எம். தன் சின்னக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் மின்சுற்றுப் படங்களையும் புத்தகமாகப் போட்டு விற்றது. அதைப் போலவே செய்யப் பல பேர் கிளம்பினார்கள். விலை இறங்கியது. பலகை ஒருவர், டிஸ்க் ஒருவர், மின்பெட்டி ஒருவர் என்று செய்ததைக் கோத்து, நம் ஊர் ரிச்சித் தெருவிலேயே முழுக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்ற காலம் வந்தது. அப்படித்தான் அது வீட்டுக்குள் நுழைந்தது. யந்திரம் வந்தது, கூட இருந்த மனிதர் வரவில்லை.

இனி என் அப்பாவின் கதை.

அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 2003-ல், குரோம்பேட்டை வீட்டில், தம் சேமிப்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையிலேயே அதில் அடிக்கலாம் என்று தெரிந்ததும் அவருக்குப் பிடிபடாத சந்தோஷம். தினம் மாலை ஆறு மணிக்கு உட்காருவார். பிறந்த ஊரைப் பற்றி எழுதினார்: ஏரி உடைந்த வருஷம், எதிர் வீட்டுக் கிழவியின் வைத்தியம், இரண்டு வயதில் இறந்துபோன தம் தங்கை. எங்களிடம் ஒரு வார்த்தை பேசியறியாத விஷயங்கள். 112 பக்கம் வந்திருந்தது.

மறு வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து தானாக எரிய ஆரம்பித்தது. பக்கத்துக் கடைக்காரரை நான்தான் அழைத்து வந்தேன். அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு மணி நேரம் தட்டினார். “வைரஸ் சார். எல்லாத்தையும் பார்மட் பண்ணிப் புதுசா போட்டுட்டேன்” என்று பணம் வாங்கிக்கொண்டு போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிரதி எடுத்து வைத்த பிளாப்பிகளைத் தேடி எடுத்தால், மூன்றிலும் பூஞ்சணம்.

நான்காம் நாள் கம்ப்யூட்டர் மறுபடி தானாக அணைந்தது.

பெட்டியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலேறி ரிச்சித் தெருவுக்குப் போனேன். ஒரு சந்துக் கடையில் வயதானவர் ஒருவர் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். “இங்க பாருங்க தம்பி” என்றார். பலகையில் வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்களில் ஐந்தின் தலை, பூரி போல உப்பியிருந்தது. ஒன்றில் பழுப்பாகக் கசிந்தும் இருந்தது. உள்ளே ஊற்றிய திரவத்தின் சேர்மானம் சரியில்லாததால் வாயு உண்டாகி, அந்த ஆண்டுகளில் உலகமெங்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் கெப்பாசிட்டர்கள் இப்படி உப்பி வெடித்தன என்று பிற்பாடு படித்தேன். பெரியவர் ஐந்தையும் மாற்றிப் பற்றவைத்தார். கூலி சொற்பம். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. அப்பாவின் 112 பக்கமும் ஒரு காரணமும் இல்லாமல் போயிருந்தது.

அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. “போகட்டும்டா, எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார். நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் மறுபடி தொடங்கினார். 2009-ல் அவர் காலமானபோது 31 பக்கம் முடிந்திருந்தது. தங்கையைப் பற்றிய இடத்துக்கு அவர் வந்து சேரவில்லை. அவள் பெயர் என்ன என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

தமிழில் ‘பழுது பார்த்தல்’ என்கிறோம். பழுதைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பார்க்காமல் செய்வதற்கு என்ன பெயரோ, அதை நான் அன்று காசு கொடுத்து வாங்கினேன்.

ஆகையால் சென்ற மாதம் பையனை உட்காரவைத்து, “முதல்ல மூடியைக் கழற்றுடா” என்றேன். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. என் மனைவி பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தூசியைத் தட்டினோம். ராம் அட்டையை எடுத்தோம். அதன் தங்கப் பல்வரிசையில் அழுக்குப் படிந்திருந்தது. பையன் தன் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தான். திரும்பச் செருகினோம். வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றியது, நின்றது, என் கதை, விட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

“பாத்தியாப்பா, அழிச்சுத்தானே சரி பண்ணினோம்!” என்றான் பையன், ரப்பரைக் காட்டி.

அழுக்கை மட்டும்தானே அழித்தான்? அதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை.